பழைய வன்தட்டும் மறுக்கப்பட்ட அனுமதியும்
புதிதாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய கணினியில் பழைய வன்தட்டைப் பொருத்தினேன். என் படங்கள் திறந்தன. திருத்திச் சேமித்தால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றே வந்தது. பயனர் பெயர் பழையதேதான்.

முனையத்தில், கோப்புகளின் உரிமையாளரை எண்ணாகக் காட்டும் ‘எல்எஸ் -எல்என்’ (ls -ln) கட்டளை காரணத்தைக் காட்டியது. வன்தட்டில் கோப்புகளைச் சேமிக்கும் இஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமை உரிமையாளரின் பெயரைப் பதிவதில்லை, எண்ணைத்தான் பதிகிறது. உபுண்டு முதல் பயனருக்கு 1000 என்ற எண்ணைத் தரும். பழைய கணினியில் அது அண்ணனுடையது, என்னுடையது 1001. புதியதில் நான் 1000. அதனால் என் கோப்புகள் வேறொருவருடையதாகவும் அண்ணனின் கோப்புகள் எனக்குச் சொந்தமாகவும் தெரிந்தன!

எல்லாக் கோப்புகளுக்கும் 777 என்ற அனுமதி எண்ணைப் போடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அது கணினியின் எல்லாப் பயனர்களுக்கும் எழுதும் உரிமையைக் கொடுத்துவிடும். உரிமையாளரை மாற்றும் ‘சூடோ சிஎச்ஓன் -ஆர்’ (sudo chown -R) கட்டளையால் என் கோப்புறையை 1000க்கும் அவருடையதை 1001க்கும் தனித்தனியே மாற்றினேன். படங்கள் சேமிக்கப்பட்டன.