சமரசத்துக்கு வக்கீல் எதற்கு? குடும்ப, சொத்துத் தகராறுகளைப் பேசி முடிக்கும் வழிமுறை

சண்டை போடத்தான் வக்கீல், பேசி முடிக்க ஊர்ப் பெரியவர்கள் போதும் என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக உண்டு. அதன் விளைவு, 20 ரூபாய் பத்திரத்தில் நாலு பேர் சாட்சிக் கையெழுத்தோடு எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டிய உடன்படிக்கை. ஒரு தரப்பு பின்வாங்கும் நாளில்தான் அந்தத் தாளை வைத்து நேரடியாக எதையும் நிறைவேற்ற முடியாது என்பது தெரியவரும். மகளிர் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய 'இனி ஒழுங்காக நடந்துகொள்கிறேன்' கடிதமும் இதே ரகம்தான். பின்னால் வழக்கு வந்தால் சான்றாகக் காட்டலாம்; அதற்கு மேல் பலம் கிடையாது.

பேச்சுவார்த்தையில் உங்களுக்கு வக்கீல் தேவைப்படுவது பேசுவதற்காக அல்ல. பேசுவதற்கு முன் கணக்கைச் சரிபார்க்கவும், பேசி முடித்தபின் அதை நிறைவேற்றத்தக்க வடிவில் எழுதவும்தான். இந்த இரண்டு வேலையும் ஒழுங்காக நடந்தால் நடுவிலுள்ள பேச்சு பெரும்பாலும் தானாக நடக்கும்.

சமரசரும் உங்கள் வக்கீலும் ஒருவர் அல்ல

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கிய சமரச மையம்தான் இந்தியாவிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் மையம். இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் இந்த மையங்கள் இருக்கின்றன. அங்கே சமரசராக உட்காருபவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற வக்கீல்தான். ஆனால் அவர் இரு தரப்புக்கும் பொதுவானவர். 'இந்தத் தொகைக்கு ஒத்துக்கொள்ளலாமா சார்?' என்று அவரிடம் கேட்டால் பதில் வராது, வரவும் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் வக்காலத்து கொடுத்த வக்கீல். இரண்டு தரப்புக்கும் தெரிந்த ஒரே வக்கீலை வைத்து 'நீங்களே முடித்துவிடுங்கள்' என்று விடுவது செலவைக் குறைப்பதுபோலத் தோன்றும். பின்னால் ஒருவர் 'அவர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்' என்று சொன்னால் மொத்தமும் கலையும்.

எந்த வழியில் போவது

வழக்கு ஏற்கெனவே நடக்கிறதென்றால் எளிது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 89-ஆம் பிரிவின்படி சமரசத்துக்கு அனுப்பும்படி உங்கள் வக்கீல் நீதிமன்றத்தைக் கேட்கலாம். நீதிபதியே அனுப்புவதும் உண்டு. மையத்தில் தரப்பினர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. பொதுவாக 60 நாள் அவகாசம். நீதிமன்றம் நீட்டித்தால் இன்னும் 30 நாள்.

வழக்கே போடவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ வெள்ளைத் தாளில் மனு கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை. பேசி முடிந்தால் அதை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) வைத்துத் தீர்ப்பாகப் பதிவு செய்யலாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி அது உரிமையியல் நீதிமன்றத்தின் டிகிரிக்கு, அதாவது நிறைவேற்றத்தக்க தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. வழக்கில்லாத குடும்பத் தகராறுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீலும் அங்கேயே கிடைப்பார்.

தனியாகச் சமரசரை வைத்துப் பேசுவதும் உண்டு. 2023-ல் இதற்கென்றே மத்தியஸ்தச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பிரிவுகள் ஒரே நாளில் அல்லாமல் கட்டம் கட்டமாக அமலுக்கு வருவதால், உடன்படிக்கையை எந்தப் பிரிவின்கீழ், எங்கே நிறைவேற்றப் போகிறோம் என்று கையெழுத்துக்கு முன்பே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். கடை, கம்பெனி, பங்குதாரர் கணக்கு போன்ற வணிகத் தகராறு 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்து, அவசரத் தடை எதுவும் கேட்கவில்லை என்றால் வழக்குக்கு முன் சமரசம் கட்டாயம். அதைத் தாண்டிப் போட்ட வழக்கு தள்ளுபடியாகும்.

வக்கீலோடு முதல் சந்திப்பு

முதலில் கட்டணத்தைப் பேசுங்கள். வாய்தாவுக்கு இவ்வளவு என்ற ஏற்பாடு சமரசத்துக்குப் பொருந்தாது. சீக்கிரம் முடிந்தால் வக்கீலுக்கு நஷ்டம் என்கிற நிலையை நீங்களே உருவாக்க வேண்டாம். தயாரிப்பு, அமர்வுகள், உடன்படிக்கை எழுதுதல், டிகிரி நகல் வாங்குதல் என்று மொத்தமாக ஒரு தொகை பேசி, அதில் ஒரு பகுதியை டிகிரி நகல் கைக்கு வந்தபின் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு தாளை எடுத்து மூன்று எண்களை எழுதச் சொல்லுங்கள்: வழக்கு முழுதும் ஜெயித்தால் கையில் என்ன வரும், தோற்றால் என்ன போகும், கீழமை நீதிமன்றமும் மேல்முறையீடும் முடிய எத்தனை ஆண்டு. உங்கள் கடைசி வரம்பு இந்த மூன்றிலிருந்து வர வேண்டும். கோபத்திலிருந்து வரக் கூடாது. இந்தத் தாளைப் பார்த்தபின் பாதிப் பேர் தாங்கள் கொண்டுவந்த கோரிக்கையைத் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள்.

சொத்துத் தகராறு: தாள்கள் முன்னால், பேச்சு பின்னால்

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட வரைபடம், வாரிசுச் சான்றிதழ், வழிகாட்டி மதிப்பு ஆகியவை இல்லாமல் அமர்வுக்குப் போக வேண்டாம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர்ஸில் இருக்கும், பேச்சு சென்ட்டில் நடக்கும். ஒரு ஏர்ஸ் சுமார் 2.47 சென்ட். இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைக்காததால் அமர்வின் நடுவில் 'பத்திரத்தில் இருக்கிறது, பட்டாவில் இல்லை' என்று ஆரம்பித்து அன்றைய நாள் வீணாகும்.

அடிக்கடி சறுக்குவது கையெழுத்துப் போட வேண்டியவர்கள் யார் என்பதில். பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு. இந்த உரிமையைத் தந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்போது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே 'தங்கச்சி எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டா' என்ற பேச்சு போதாது. அவர் வந்து உட்கார வேண்டும். விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பங்குதாரரில் ஒருவர் இறந்து அவருக்கு மைனர் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை சார்பில் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். வாங்காவிட்டால் மேஜரானபின் அந்தப் பிள்ளை மொத்தத்தையும் ரத்து செய்யக் கேட்கலாம்.

நிலத்தைப் பிரிப்பதைவிடக் கடினமானது அதனோடு ஒட்டியவற்றைப் பிரிப்பது. 2 ஏக்கரை மூன்று அண்ணன் தம்பிகள் அளந்து பிரித்துக்கொண்டார்கள் என்று வையுங்கள். கிணறு நடு பாகத்தில் இருக்கிறது, இலவச மின் இணைப்பு மூத்தவர் பெயரில் இருக்கிறது, ரோட்டைத் தொடுவது கடைசிப் பாகம் மட்டும். உடன்படிக்கையில் பரப்பை மட்டும் எழுதினால் அடுத்த கோடையிலேயே புது வழக்கு வரும். எழுத வேண்டியவை: கிணற்றில் ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு, யார் எந்த நாளில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்டலாம், மோட்டார் பழுதானால் செலவு எப்படி, பாதை எந்த எல்லையை ஒட்டி எத்தனை அடி அகலம், டிராக்டர் போகலாமா, குழாய் யார் நிலத்தின் வழியே எந்த ஆழத்தில் போகும். வரைபடத்தில் நிறம் தீட்டி அதிலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டு உடன்படிக்கையோடு இணைக்க வேண்டும்.

கணவன் மனைவி வழக்கு

குடும்ப நீதிமன்றம் முதலில் இணக்கத்துக்கு முயல வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது. சேர்ந்து வாழ்வதானாலும் பிரிவதானாலும் சமரசத்தில் பேசலாம். ஆனால் விவாகரத்தைப் பொதுவாக நீதிமன்றம் மட்டும்தான் தர முடியும். ஊரில் எழுதிக்கொண்ட 'தீர்த்துக் கட்டிய' பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்துத் திருமணச் சட்டப்படி பரஸ்பர சம்மத மனுவுக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் 6 மாதக் காத்திருப்பு. தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே மறக்கக் கூடாத விஷயம், டிகிரி வரும்வரை எந்தத் தரப்பும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது. அதனால்தான் பணத்தை ஒரே தடவையில் கொடுக்கவும் கூடாது, மொத்தத்தையும் கடைசிக்கு வைக்கவும் கூடாது. உதாரணத்துக்கு 12 லட்சம் என்று முடிவானால், மனு தாக்கலாகும் அன்று 4, குற்ற வழக்கை ரத்து செய்ய மனைவி உயர் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் கொடுக்கும் அன்று 4, விவாகரத்து டிகிரி அன்று நீதிமன்றத்திலேயே 4, எல்லாம் டிமாண்ட் டிராஃப்டில். பின்தேதியிட்ட காசோலை வாங்காதீர்கள். திரும்பினால் இன்னொரு வழக்குதான் மிச்சம்.

வரதட்சணைக் கொடுமை வழக்கை 'வாபஸ் வாங்கிவிடுகிறேன்' என்று சொல்வது எளிது. தமிழ்நாட்டில் அது தரப்பினர் தாமே முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் அல்ல. சமரசத்தைக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரத்து மனு போட வேண்டும். யார் போடுவது, செலவு யாருடையது, எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் உடன்படிக்கையில் வர வேண்டும். அடி, மிரட்டல் தொடர்கிற வீட்டில் முதல் வேலை பாதுகாப்பு உத்தரவு வாங்குவது. சமரசப் பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் தனித்தனி அறையில் பேச வேண்டும் என்று வக்கீல் முன்கூட்டியே கேட்கலாம்.

நகைக்குப் பட்டியல் இல்லாமல் போகாதீர்கள். '50 சவரன்' என்று மொத்தமாகச் சொன்னால் எதிர்த்தரப்பு 30 என்னும், அங்கேயே நிற்கும். ஆரம், நெக்லஸ், வளையல் ஜோடி என்று உருப்படிவாரியாக, எடையோடு, பில்லோ கல்யாணப் போட்டோவோ எது இருக்கிறதோ அதோடு எழுதுங்கள். திருப்பி வாங்கும் அன்று இருவர் முன்னிலையில் எடை போட்டு ரசீது எழுதிக்கொள்ளுங்கள். அடகில் இருக்கும் நகையென்றால் மீட்கும் தேதியையும் வட்டி யார் கட்டுவது என்பதையும் சேருங்கள்.

குழந்தை விஷயத்தில் 'தகப்பனார் அவ்வப்போது பார்க்கலாம்' என்ற வரி எதற்கும் உதவாது. 'ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை. அழைத்துச் செல்வதும் திருப்பி விடுவதும் பாட்டி வீட்டு வாசலில். பரீட்சை வாரத்தில் வீடியோ அழைப்பு மட்டும். தீபாவளி ஒற்றைப்படை ஆண்டில் தாயோடு, பொங்கல் தகப்பனோடு' என்கிற அளவுக்கு இறங்கி எழுதுங்கள். தனக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று மனைவி விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் பங்கைத் தாயும் விட்டுக்கொடுக்க முடியாது.

அமர்வு அறையில்

முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் வர வேண்டும். மாமாவும் சித்தப்பாவும் வெளியே பெஞ்சில் இருக்கட்டும். போனில் 'அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்' என்று எழுந்துபோகிற அமர்வு நகராது. முதலில் கூட்டு அமர்வு, பிறகு ஒவ்வொருவரோடும் தனி அமர்வு. தனி அமர்வில் நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதியில்லாமல் சமரசர் மறுபக்கம் சொல்ல மாட்டார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவர் எழுந்திருக்குமுன் பிரித்துச் சொல்லிவிடுங்கள். அங்கே பேசியதை வழக்கில் சான்றாக வைக்க முடியாது. முடியாமல் போனால் 'தீர்வு எட்டப்படவில்லை' என்ற அளவில்தான் நீதிபதிக்கு அறிக்கை போகும். ரகசியமாகப் பதிவு செய்யப் பார்க்காதீர்கள்.

கடைசி வரம்பை முதல் அமர்வில் சமரசரிடம்கூடச் சொல்ல அவசரம் வேண்டாம். சாயங்காலம் 5 மணிக்குக் களைத்துப்போய்க் கையெழுத்துப் போடவும் வேண்டாம். நகலை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு நாள் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

எழுதும்போதும் எழுதிய பிறகும்

ஒவ்வொரு கடமைக்கும் யார், என்ன, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன என்ற நான்கும் இருக்கிறதா என்று வக்கீலோடு உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள். நிலுவையிலுள்ள எல்லா வழக்குகளின் எண்களையும் நீதிமன்றப் பெயரோடு பட்டியலிட வேண்டும். ஒன்று விடுபட்டால் அது தனியாக உயிரோடு நடக்கும். சமரச டிகிரியை எதிர்த்து 'அந்த உடன்பாடு செல்லாது' என்று புதிதாகத் தனி வழக்கு போடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே சந்தேகத்தைக் கையெழுத்துக்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 69-அ பிரிவின்படி, மையத்துக்குப் போகாமல் தரப்பினர் தாங்களே வெளியில் பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் மெமோவைப் பல வக்கீல்கள் மறந்துவிடுகிறார்கள், நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

வழக்கில் சொல்லப்படாத அசையாச் சொத்து ஏதாவது உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால் அந்த டிகிரியைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வழக்குச் சொத்தாகவே இருந்தாலும் பதிந்துவிடுவது நல்லது, வில்லங்கச் சான்றில் ஏறும். குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு. அன்றைய அளவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு, உடன்படிக்கையிலேயே அந்தச் செலவு யாருக்கு என்று எழுதுங்கள். பிறகு உட்பிரிவுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனு போட வேண்டும்.

பாகப்பிரிவினை இறுதி டிகிரி முத்திரைத் தாளில் எழுதப்படும்வரை அதை வைத்து நிறைவேற்று மனு போட முடியாது. நிறைவேற்ற உள்ள 12 ஆண்டுக் கெடு மட்டும் முத்திரைத் தாள் கொடுத்த நாளிலிருந்து அல்ல, டிகிரி தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். எனவே டிகிரி ஆன வாரத்திலேயே முத்திரைத் தாளைத் தாக்கல் செய்து, சான்றிட்ட நகலுக்கும் மனு போட்டுவிடுங்கள்.