டீசலா, பெட்ரோலா? முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள்

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுப் படகுகளின் எரிபொருள் நோட்டு என் கையில் இருக்கிறது. கணவரும் கொழுந்தனும் கடலுக்குப் போகிறார்கள். எத்தனை கேன் போனது, எவ்வளவு திரும்பி வந்தது, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதி வைப்பது என் பொறுப்பு. புதிதாகப் படகு வாங்க நினைப்பவர்கள் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் ஆண்கள் வேகத்தைப் பற்றியும் கம்பெனியைப் பற்றியும் பேசத் தொடங்குவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓட்டப்போகிறீர்கள்?

பலருக்குப் பதில் தெரியாது. தெரியாமலேயே லட்சக்கணக்கில் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். படகின் பின்பக்கம் வெளியே தொங்கும் 40 எச்.பி. பெட்ரோல் இன்ஜினை, அதாவது அவுட்போர்டை, முழு வேகத்தில் ஓட்டினால் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். படகுக்குள் பொருத்தும், அதே சக்தியைத் தரும் டீசல் இன்ஜினுக்குச் சுமார் 9 லிட்டர் போதும். லிட்டர் பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பெட்ரோலுக்கு மணிக்கு 1,500 ரூபாய், டீசலுக்கு 828 ரூபாய். வித்தியாசம் 672 ரூபாய். டீசல் இன்ஜினை கியர் பெட்டி, தண்டு, பொருத்தும் கூலியோடு சேர்த்துப் பார்த்தால் பெட்ரோலைவிட 4 லட்சம் ரூபாய் கூடுதல் என்று கடைக்காரர் சொல்கிறார் என்போம். அந்த 4 லட்சத்தை 672-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 600 மணி நேரம். அதற்குப் பிறகுதான் டீசல் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கத் தொடங்குகிறது. பாதி வேகத்தில் ஓட்டினால் இரண்டுமே குறைவாகக் குடிக்கும், ஆகவே அந்த 600 இன்னும் நீளும். உங்கள் ஊரில் இன்றைக்கு உள்ள விலையைப் போட்டு நீங்களே ஒரு முறை வகுத்துப் பாருங்கள்.

நண்டு வலைக்கு வாரம் நான்கு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டில் நாற்பது வாரம் ஓடும் படகுக்கு 960 மணி நேரம் ஆகிறது. அங்கே ஒரே ஆண்டுக்குள் டீசல் ஜெயித்துவிடும். மதுரையிலோ சென்னையிலோ இருந்துகொண்டு, விடுமுறைக்கு வந்து தூண்டில் போட ஒரு படகு வேண்டும் என்பவருக்கு ஆண்டில் அறுபது மணி நேரம் ஓடினாலே அதிகம். அவருக்கு டீசல் வாங்கிய காசு திரும்ப வரப் பத்து ஆண்டு ஆகும். அதற்குள் உப்பு அதைத் தின்றுவிடும். அப்படிப்பட்டவர்களிடம் தயங்காமல் பெட்ரோல் அவுட்போர்டு வாங்குங்கள் என்றே சொல்கிறேன்.

அடுத்தது படகின் உடம்பு. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் கனத்த வல்லத்துக்கும், தண்ணீர் மேல் ஏறி வழுக்கும் ஃபைபர் படகுக்கும் ஒரே இன்ஜின் பொருந்தாது. முதல் வகைக்கு வேக வரம்பு உண்டு. நீர்மட்டத்தில் படகு எத்தனை அடி நீளம் என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் கணக்கில் கிடைக்கும். 25 அடிக்கு 6.7 நாட், அதாவது மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். அதன் பின்னால் 60 எச்.பி. பெட்ரோல் இன்ஜினைத் தொங்கவிட்டால் அலைதான் பெரிதாகும், படகு முந்தாது. அங்கே தேவை தண்ணீருக்குள் மெதுவாகச் சுற்றும் பெரிய காத்தாடியும் (புரொப்பெல்லர்) அதைத் திருப்பும் முறுக்குவிசையும். அது டீசலின் வேலை. ராமேஸ்வரத்து விசைப்படகுகளில் லேலண்ட் லாரி இன்ஜின்கள் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். வழுக்கிப் போகும் ஃபைபர் படகுக்கோ எடை பகை. 40 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு நூறு கிலோவை ஒட்டி நிற்கும். கியர் பெட்டியோடு அதே சக்தியுள்ள டீசல் அதைப்போல இரண்டு மடங்காவது இருக்கும். டீசலிலேயே அவுட்போர்டு வெளிநாட்டில் செய்கிறார்கள், யான்மார் கம்பெனி 50 எச்.பி.யில் ஒன்று கொண்டுவந்தது. அதன் விலையைக் கேட்டால் நம் ஊரில் ஒரு வீடே கட்டிவிடலாம் என்று தோன்றும்.

படகை எங்கே நிறுத்துவீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடாவில் தண்ணீர் ஆழமில்லை, கடற்புல்லும் சேறும் அதிகம். குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சும் துளையில் புல் அடைத்தால் எந்த இன்ஜினும் சூடாகிவிடும். ஆனால் அவுட்போர்டைத் தூக்கிப் புல்லைப் பிடுங்கிவிட்டு மறுபடி இறக்கலாம். படகுக்குள் இருக்கும் டீசலின் காத்தாடியில் சுற்றிக்கொண்டால் ஆள் தண்ணீருக்குள் குதிக்க வேண்டும். தெற்கே கீழக்கரை, ஏர்வாடி பக்கம் மன்னார் வளைகுடாவில் பவளப் பார்கள். பாரில் தட்டினால் அவுட்போர்டு மேலே எழும்பும், தண்டு வளையாமல் தப்ப வாய்ப்பு உண்டு. தூத்துக்குடிவரை நீளும் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே படகை நெருங்கவிடவே கூடாது என்பதை விடுமுறைக்காரர்கள் நினைவில் வைத்திருங்கள்.

மணலில் இழுத்து ஏற்றி வைக்கும் படகென்றால் அடியில் தண்டும் சுக்கானும் நீட்டிக்கொண்டிருக்கும் டீசலை மறந்துவிடுங்கள். அவுட்போர்டு பார்க்கலாம். டீசல்தான் வேண்டுமென்றால் பின்னால் நீண்ட வால்போல் தண்டு வைத்த சிறிய டீசல் பார்க்கலாம், அதைத் தூக்கி வைக்க முடியும். வாடைக் காற்று முறுக்கும் மாதங்களில் சிறிய அவுட்போர்டைக் கழற்றி இரண்டு பேர் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். களவு பயமும் இல்லை.

இனி பெட்ரோலின் குறை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் பலரும் தங்கள் கையேட்டில் 10 சதவீதம்வரைதான் அனுமதிக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். இன்ஜின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பழைய ஃபைபர் டேங்க் என்றால் எத்தனால் அதன் பிசினையே கரைத்துவிடும். ஆகவே பெட்ரோல் வாங்குகிறவர்கள் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரையும் அன்றைக்கே வாங்குங்கள், அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் நிரப்புங்கள், படகு நிற்கப்போகிறது என்றால் டேங்கைக் காலி செய்யுங்கள். வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம் "20 சதவீதத்துக்குக் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது, அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

நெருப்பு இன்னொன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடிப்பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஒரு சுவிட்சின் பொறி போதும். படகில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்குகிறவர்கள், இரவு தங்குகிறவர்கள் பெட்ரோல் இன்ஜினை உள்ளே வைக்கவே கூடாது என்பது என் தீர்மானம். இதில் நான் வகுத்தல் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. உள்ளே பெட்ரோல் இன்ஜின் உள்ள படகு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், சாவி திருப்புவதற்கு முன் நான்கு நிமிடமாவது ஆவி வெளியேற்றும் விசிறியை ஓட்டுங்கள். கேனைப் படகில் வைத்து நிரப்பாமல் தரையில் வைத்து நிரப்புங்கள்.

மீன்பிடிப் படகுக்கு அரசின் சலுகையும் டீசல் பக்கம் சாய்கிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், வரி விலக்கு டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 ஆகவும், இயந்திரம் பூட்டிய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 ஆகவும் உயர்த்தி அறிவித்தார் முதலமைச்சர். மானிய மண்ணெண்ணெயும் 3,400 லிட்டரிலிருந்து 3,700 ஆனது. பெட்ரோலுக்கு அதில் இடமில்லை. மணிக்கு 9 லிட்டர் குடிக்கும் இன்ஜினுக்கு 4,400 லிட்டர் 490 மணி நேரத்துக்கு மேல் வராது என்பதையும் கவனியுங்கள். அதற்கு மேல் ஓடுவது முழு விலையில். சுற்றுலாப் படகுக்கு இந்தச் சலுகை கிடையாது.

டீசல்காரர்களும் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். டேங்கில் தண்ணீர் இறங்கினால் அதிலும் பூஞ்சை பிடிக்கும், டீசலைப் பீய்ச்சும் நாசில் அடைக்கும். டீசல் தீரும்வரை ஓட்டிவிட்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். நடுக்கடலில் போல்ட்டைத் தளர்த்திக் காற்றெடுக்கத் தெரிந்த ஒருவராவது படகில் இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் டீசல் டேங்கை நிறைத்து வையுங்கள், வெற்றிடம் இருந்தால்தான் ஈரம் படியும். பெட்ரோலுக்குச் சொன்னதற்கு இது நேரெதிர், குழப்பிக்கொள்ளாதீர்கள். அவுட்போர்டை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி ஓட்ட வேண்டும். குடத்துக்குக் காசு கொடுத்துக் குடிதண்ணீர் வாங்கும் தெருக்களில் அது சின்ன வேலை இல்லை. அதற்கும் நோட்டில் ஒரு வரி போடுங்கள்.

பழைய இன்ஜின் பார்க்கப் போகிறீர்களா? காலையில், சொல்லாமல் போங்கள். தொட்டுப் பார்த்து இன்ஜின் சில்லென்று இருந்தால்தான் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். சூடாக்கி வைத்த டீசல் எல்லாமே ஒரே உதையில் கிளம்பும். நிற்காமல் வரும் கறுப்புப் புகை, டீசல் சரியாக எரியவில்லை அல்லது காத்தாடி பெரிது என்று சொல்லும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, உள்ளே தேய்மானம். சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் உள்ளே தண்ணீர் இறங்குகிறதா என்று சந்தேகப்படுங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அவுட்போர்டில் கீழே உள்ள கியர் ஆயிலைச் சொட்டவிட்டுப் பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டது, எழுந்து வந்துவிடலாம். பெட்ரோல் என்றால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பிறகு ஆட்களை ஏற்றிக் கடலில் முழு வேகத்துக்குக் கொண்டுபோய், நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று கையேட்டில் சொன்னது வருகிறதா என்று பாருங்கள். கரையில் டிரம் தண்ணீரில் ஓட்டிக் காட்டுவதெல்லாம் வேடிக்கை.

எல்லாம் பிடித்துப்போனால், மீதிப் பணத்தை எண்ணுவதற்கு முன் இன்ஜினில் பொறித்திருக்கும் எண்ணையும் பில்லில் உள்ள எண்ணையும் நீங்களே படித்து ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் மீன்துறை அலுவலகத்தில் பதிவு தடைபடும், சலுகை டீசலுக்கான பாஸ் புத்தகம் கைக்கு வராது.