எண்ணெய் வழியும் முகத்துக்கும் பருவுக்கும் என்ன செய்யலாம்?

முகப்பரு அழுக்கினால் வருவதன்று. இயக்குநீர்களின் (ஹார்மோன்களின்) தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்க, உதிர்ந்த தோல் அணுக்கள் மயிர்க்காலை அடைக்க, அடைபட்ட இடத்தில் பாக்டீரியா பெருகிச் சிவந்து வீங்குவதே பரு. ஆகவே, எம்ஆர்டி ரயில் நிலையத்தை எட்டுவதற்குள் முகம் பளபளத்துவிடும் சிங்கப்பூர்ப் புழுக்கத்திலும், நாளுக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டுத் தேய்ப்பதால் பயனில்லை. தோல் வறண்டு எரிவதோடு, பின்னர் பூசும் மருந்தையும் தாங்காது. காலையும் இரவும் மென்மையான ஃபேஸ்வாஷ் போதும்.

லோஷன் வாங்கும்போது விளம்பர வாசகத்தை விடுத்து, உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் மிகுந்திருந்தால் 2 விழுக்காடு வரையிலான சாலிசிலிக் அமிலம் பொருந்தும். சிவந்த பருக்களுக்கு பென்சாயில் பெராக்சைடு. இதில் 2.5 விழுக்காட்டிலிருந்து தொடங்குவதே நல்லது. அதைவிட வீரியம் கூடினால், பலனைக் காட்டிலும் எரிச்சலே அதிகமாகக் கூடுகிறது. பருவின்மேல் மட்டும் புள்ளி வைக்காமல், பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பென்சாயில் பெராக்சைடு பட்டால் வண்ணத் தலையணை உறையும் துண்டும் வெளுத்துவிடும் என்பதால் வெள்ளை நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகும். பத்தாம் நாளே கிரீமை மாற்றுவோர்தான் அதிகம்.

நாள் முழுவதும் குளிரூட்டியில் அமர்ந்திருப்போருக்கு, எண்ணெய்ச் சருமமானாலும் ஜெல் வடிவ மாய்ஸ்சரைசர் தேவை. நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) கலந்தது கிடைத்தால் நன்று. நம் மாநிறத் தோலில் பரு ஆறிய பின்னும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் அதை மேலும் கருக்கச் செய்யும். ஆதலால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தவறவிடாதீர்கள்.

இயற்கை வைத்தியத்தில் ஓரளவு சான்றுள்ளது தேயிலை மர எண்ணெய். 1990-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 5 விழுக்காட்டு ஜெல், பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாக, ஆனால் குறைந்த எரிச்சலுடன் வேலை செய்தது. நீர்க்காத எண்ணெயை நேரடியாகத் தடவக் கூடாது. தேக்கா சந்தையில் வாங்கும் வேப்பிலையைக் கழுவி அரைத்துப் பூசலாம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். முல்தானி மட்டி வாரம் ஒருமுறை போதும். முற்றிலும் காய்ந்து இறுகும் முன் கழுவிவிடுங்கள். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம்: அதன் கடும் அமிலம் தோலைப் புண்ணாக்கும், சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம். பாட்டி சொன்னதாயினும் இதை மறுக்கத்தான் வேண்டும். இரவில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுப்போருக்கு நெற்றியோரத்தில் பரு வந்தால், முதலில் அந்தப் பழக்கத்தை நிறுத்திப் பாருங்கள்.

ஒரே அளவில், அரிப்புடன் நெற்றியிலும் முதுகிலும் கிளம்பும் சிறு பொரிகள் பூஞ்சையால் வந்தவையாக இருக்கலாம். அவற்றுக்குப் பரு மருந்து பலிக்காது. வலியுடன் ஆழமாகக் கட்டிக்கொள்ளும் பருக்களும் குழி விழும் தழும்புகளும் இருந்தால், தாமதிக்காமல் பலதுறை மருந்தகத்துக்குச் (பாலிகிளினிக்) செல்லுங்கள். தேவைப்பட்டால் தேசியத் தோல் நிலையத்துக்கு அங்கிருந்தே பரிந்துரைப்பார்கள். கருவுற்றிருப்போரும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; கடும் பருவுக்கு மருத்துவர் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவுக்குக் கடும் ஊனம் விளைவிக்கக்கூடியது.