நோட்டில் அழுக்கு, விரலில் எச்சில்

ரூபாய் நோட்டுக் கட்டை எண்ணும் ஒருவரின் கையைக் கவனியுங்கள். பத்துப் பன்னிரண்டு நோட்டு தள்ளியதும் கட்டைவிரல் தானாக நாக்கைத் தொட்டுவிட்டு வரும். நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் எண்ணினேன். யாரோ சொல்லும்வரை செய்கிறேன் என்பதே தெரியாது. நோட்டில் இருப்பது வாய்க்குப் போகிறது, வாயில் இருப்பது அடுத்தவர் வாங்கப்போகும் நோட்டில் ஒட்டுகிறது. விரல் வழுக்கினால் பக்கத்தில் ஈரப் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பஞ்சை நாள்கணக்கில் ஊறவிட்டால் அதிலேயே கிருமி பெருகும். தினமும் கழுவிக் காயவைக்க வேண்டும்.

'நோட்டுகளில் பாக்டீரியா' என்ற தலைப்பைப் பார்த்ததும் மிரளுவது இன்னொரு தவறு. 2002இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ஒஹாயோவில் 68 ஒரு டாலர் நோட்டுகளைச் சோதித்தார்கள். 94 சதவீத நோட்டுகளில் பாக்டீரியா இருந்தது. கேட்டால் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் திடமாக இருப்பவரையும் படுக்க வைக்கக்கூடிய வகை கிடைத்தது ஐந்தே நோட்டுகளில். மற்றவற்றில் இருந்தவை பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களையும் மருத்துவமனையில் இருப்பவர்களையும் தாக்கும் ரகம். கிருமியின் தடயம் கிடைப்பது ஒன்று, அது உயிரோடு இருப்பது ஒன்று, நோய் வரும் அளவுக்கு உடம்புக்குள் போவது வேறொன்று.

அதற்காக அசட்டையாகவும் இருக்க முடியாது. சுவிட்சர்லாந்து நோட்டுகளில் ஃப்ளூ வைரஸை வைத்துப் பார்த்த 2008 ஆய்வில் சில வகைகள் மூன்று நாள்வரை தாங்கின. சளியோடு கலந்தபோது 17 நாள்வரை. மூக்கைச் சிந்திய கையோடு பணத்தை நீட்டுவது எவ்வளவு மோசம் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

நோட்டையே சுத்தம் செய்யக் கிளம்புகிறவர்களும் உண்டு. 2020இல் தென் கொரியாவில் கொரோனாவுக்குப் பயந்து பணத்தை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துக் கருக்கினார்கள். நோட்டில் இருக்கும் உலோகப் பாதுகாப்பு இழை அங்கே தீப்பொறி கிளப்பிவிடும். கருகாமல் தப்பினாலும், நாளைக்கு வேறு நோட்டுதானே கைக்கு வரும்?

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் ஏமாற்றுவது கையுறைதான். உணவு பரிமாறுபவர் கையுறை போட்டிருப்பார், நமக்கும் நிம்மதி. அதே கையுறையோடு காசு வாங்கி, சில்லறை கொடுத்து, மறுபடி உணவைத் தொடுவார். வெறுங்கையாக இருந்தால் பிசுபிசுப்பு உறைத்து ஒருமுறையாவது கழுவியிருப்பார். கையுறை அந்த உணர்வையும் எடுத்துவிடுகிறது. பணம் வாங்க ஓர் ஆள், உணவுக்கு ஓர் ஆள் என்று பிரிப்பது நல்லது. ஒருவரே பார்ப்பதானால் பணத்தைத் தொட்ட பிறகு கையுறையைக் கழற்றி, கை கழுவி, புதிதாகப் போட வேண்டும்.

சானிடைசரை அளவுக்கு மேல் நம்பவும் வேண்டாம். குறைந்தது 60 சதவீத ஆல்கஹால் உள்ளது பரவாயில்லை, ஆனால் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்குமான கையில் அது சரியாக வேலை செய்யாது. சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுவதே மேல். நடுவில் போனை எடுத்திருந்தால் முதலில் போனைத் துடைத்துவிட்டுக் கழுவப் போங்கள்.