ஞாயிற்றுக்கிழமை காலையில் டெக்னோவுக்குப் போவது எப்படி

பெர்லினில் டெக்னோ என்கிற மின்னணு நடன இசை ஓடும் கிளப்புக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரி 12 மணிக்குத்தான் கிளம்புகிறார்கள். நீங்கள் அப்படிப் போகாதீர்கள். சனிக்கிழமை ராத்திரி நன்றாகத் தூங்குங்கள். ஞாயிறு காலை எழுந்து, குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு 10, 11 மணி வாக்கில் போங்கள். இங்கே சில பெரிய கிளப்கள் சனி நள்ளிரவில் கதவைத் திறந்தால் திங்கள் காலை வரை மூடுவதில்லை. இத்தனை மணிக்கு மூட வேண்டும் என்கிற விதியையே மேற்கு பெர்லினில் 1949-இல் எடுத்துவிட்டார்கள். பகலில் வரிசை குறைவு, சுற்றுலாக் கூட்டம் கலைந்திருக்கும், உள்ளே இருப்பவர்கள் பாட்டுக்காகவே வந்தவர்கள். ரயில் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, உங்கள் தலையும் தெளிவாக இருக்கிறது.

நான் பெர்லினில் காது கேட்கும் கருவி பொருத்தும் கடையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஜெர்மனிக்குப் படிக்க வருகிற நம் பிள்ளைகள் நிறையப் பேருக்குப் போக ஆசை இருக்கிறது, எப்படிப் போவது என்றுதான் தெரிவதில்லை. அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், யார் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள்

கிளப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரெசிடென்ட் அட்வைசர் தளத்தில் அந்த வார இறுதிக்கான பட்டியல் இருக்கும். அதில் நாலைந்து டிஜேக்களின் பெயரை எடுத்து, அவர்கள் முன்பு தொடர்ச்சியாக வாசித்த பதிவு (செட்) ஒவ்வொன்றையும் ஹெட்போனில் அரை மணி நேரம் கேளுங்கள். வேகத்தை வைத்தே பாதி புரிந்துவிடும். ஹவுஸ் என்கிற நடன இசை நிமிடத்துக்கு 120 முதல் 128 அடி (பீட்) வரை. டெக்னோ 130-ஐத் தாண்டி ஓடும், இப்போது சிலர் 145, 150 வரை போகிறார்கள். டிரம் அண்ட் பேஸ் என்கிற இன்னொரு வகை 170-ஐத் தொடும். முதல்முறை என்றால் ஹவுஸ் வாசிக்கிற மதியம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், உடம்புக்கு இதமாக இருக்கும்.

கோடைக்காலம் என்றால் தோட்டம் உள்ள இடம் நல்லது. ரும்மெல்ஸ்பர்க்கில் ஸிஸிஃபோஸ் இருக்கிறது, முன்பு நாய் பிஸ்கட் செய்த தொழிற்சாலை அது. ஓஸ்ட்க்ராய்ட்ஸ் பக்கம் அபவுட் பிளாங்க் இருக்கிறது. கிட்காட் மாதிரி உடை விதி கடுமையாக உள்ள இடங்களுக்கு அந்த விதிகளை முழுதாகப் படித்த பிறகு இன்னொரு நாள் போகலாம்.

வாசல்

எல்லோரும் பயப்படுவது வாசலுக்குத்தான். பெர்க்ஹைன் என்கிற பெயர்பெற்ற கிளப்பின் வாசலில் நிற்கும் ஸ்வென் மார்க்வார்டைப் பற்றி உலகமே பேசுகிறது. கிழக்கு பெர்லினில் வளர்ந்த புகைப்படக் கலைஞர் அவர், முகத்தில் பச்சை குத்தியிருப்பார். கறுப்பு உடை போட்டால் உள்ளே விடுவார்கள், சிரித்தால் விடமாட்டார்கள் என்று இணையத்தில் ஆயிரம் சூத்திரம் ஓடுகிறது. அதையெல்லாம் விட்டுவிடுங்கள்.

அந்த வாசல் எதற்கு இருக்கிறது என்று தெரிந்தால் போதும். பெர்க்ஹைன் 2004-இல் தொடங்கியது. அதற்கு முன்பு அதே ஆட்கள் நடத்தியது ஓஸ்ட்குட். அது ஓரினச்சேர்க்கை ஆண்களின் பார்ட்டிகளில் இருந்து வளர்ந்த இடம். ஹவுஸ் இசை சிகாகோவில் கறுப்பின, லத்தீன் ஓரினச்சேர்க்கையாளர்கள் கூடிய கிளப்களில் பிறந்தது. டெக்னோவை உருவாக்கியவர்கள் டெட்ராய்ட் பக்கத்துக் கறுப்பின இளைஞர்கள்: ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். வெளியே நிம்மதியாக இருக்க முடியாதவர்கள் உள்ளேயாவது நிம்மதியாக இருக்கக் கட்டிய இடம் இது. வாசலில் நிற்பவர் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த ஆள் உள்ளே போனால் அங்கே இருப்பவர்களுக்குத் தொந்தரவா, இல்லையா? இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஆகவே பத்துப் பேராகப் போகாதீர்கள். ஒருவராகவோ இருவராகவோ போங்கள். குடித்துவிட்டு வரிசையில் நிற்காதீர்கள். சத்தம் போட்டு வீடியோ கால் பேசாதீர்கள். பாஸ்போர்ட்டோ, போட்டோ உள்ள ரெசிடென்ஸ் அட்டையோ கையில் இருக்கட்டும். நாலு மணி நேரம் ஆடக்கூடிய ஷூ, வியர்த்தால் தாங்குகிற துணி, அவ்வளவு போதும். யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டால் பெயரைச் சொல்லுங்கள், பட்டியலைத்தான் படித்துவிட்டீர்களே. நுழைவு பெரிய இடங்களில் 20 யூரோவுக்கு மேல் ஆகும், காசாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

‘இன்றைக்கு முடியாது’ என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வாதாடாதீர்கள். இதே நகரத்தில் அதே மதியம் இன்னும் பத்து நல்ல ஃப்ளோர் (ஆடுதளம்) ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஒன்று. நம் நிறத்துக்காகவே ஒருவரைத் திருப்பி அனுப்புவது வேறு விஷயம். அது நடக்கத்தான் செய்கிறது, குறிப்பாக நம் பையன்களுக்கு. 2006-இல் வந்த சமவாய்ப்புச் சட்டப்படி அது சட்டவிரோதமான பாகுபாடு. நேரம், வாசலில் சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் யார் என்பதை அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு பாகுபாட்டுக்கு எதிரான ஆலோசனை மையத்துக்குப் போங்கள். சட்டப்படி கோரிக்கை வைக்க இரண்டு மாதம்தான் அவகாசம், தள்ளிப்போடக் கூடாது.

ஸ்டிக்கர்

உள்ளே போனதும் உங்கள் போன் கேமரா மேல் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பிய்க்காதீர்கள். அலுவலகத்தில், வீட்டில் தான் யார் என்று சொல்ல முடியாத ஒருவர் உங்களுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கலாம். ஒரு படம் வெளியே போனால் அவருக்கு வேலையே போகலாம். ஸ்டிக்கரைப் பிய்த்து வீடியோ எடுக்கிற ஆளை அவர்கள் உடனே வெளியே அனுப்பிவிடுவார்கள், அனுப்பத்தான் வேண்டும். நம் பெண்களுக்கும் இதனால் பெரிய நன்மை உண்டு. ஊரில் ஒரு கல்யாண வீட்டில் ஆடினால்கூட ஸ்டேட்டஸில் வந்துவிடுகிறது. இங்கே ஆடினால் ஆடியதோடு சரி.

கோட்டையும் பையையும் உடை வைக்கும் கவுன்ட்டரில் கொடுத்து டோக்கன் வாங்கி, ஜிப் வைத்த பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

காது

இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், இது என் தொழில்.

ஜெர்மனியில் நிகழ்ச்சிகளுக்கான ஒலி விதிப்படி அரை மணி நேரச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. 99 என்பதே அதிகம். 85 டெசிபலை எட்டு மணி நேரம் காது தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். நீங்களோ நாலைந்து மணி நேரம் நிற்கப் போகிறீர்கள். உட்காதில் உள்ள மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. முப்பது வயதுகூட ஆகாத ஒரு டிஜே என் முன்னால் உட்கார்ந்து, ராத்திரி முழுக்கக் காதில் விசில் அடிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அந்த விசிலை எடுக்க என்னிடம் கருவி இல்லை.

பாரில் கிடைக்கும் நுரைப்பஞ்சு (ஃபோம்) காது அடைப்பான் அவசரத்துக்கு நல்லது. ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைக் காது வாசலில் வைத்துவிட்டுப் போட்டாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். விரலால் உருட்டி ஊசி மாதிரி மெல்லியதாக்குங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே, வெளியே இழுத்துப் பிடியுங்கள், துவாரம் நேராகும். உள்ளே தள்ளி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் இருங்கள். சரியாகப் போட்டால் உங்கள் குரலே மண்டைக்குள் ஒலிக்கும்.

இதைவிட நல்லது இசைக்கலைஞர்கள் போடும் ஃபில்டர் அடைப்பான், 20, 30 யூரோவில் கிடைக்கும். நுரைப்பஞ்சு உச்ச சுருதி ஒலிகளை எல்லாம் விழுங்கிவிடும். ஃபில்டர் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், அதனால் பாட்டு பாட்டாகவே இருக்கும். பேஸ் என்கிற கனத்த கீழ் ஒலி குறைந்துவிடுமே என்று கவலைப்படாதீர்கள். அதைப் பாதி நெஞ்செலும்பும் தரையும்தான் கேட்கின்றன. ஸ்பீக்கர் அடுக்கின் வாயில் போய் நிற்காமல் அடுக்குகளுக்கு நடுவே நில்லுங்கள். மணிக்கு ஒரு தடவை வெளியே வந்து பத்து நிமிடம் காதை ஆற விடுங்கள்.

ஃப்ளோரில்

என் சித்தி மகன் மாக்டபர்க்கில் எம்.எஸ். படிக்கிறான். டிரெசோர் என்கிற கிளப்புக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது, அரை மணி நேரம் பொறுமையாக நின்றுவிட்டுக் காதருகே வந்து கேட்டான்: “அக்கா, பாட்டு எப்பக்கா ஆரம்பிக்கும்?”

“ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆச்சு தம்பி. வாய்ப்பாட்டுக்காகக் காத்திருக்காதே. அடியை எண்ணு.”

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். நம் காது பல்லவி, சரணம், இடையிசை என்று பழகியது. இங்கே அது வராது. கொடை விழாவில் நடுச்சாமத்துக்கு மேல் நையாண்டி மேளம் ஒரே அடியில் ஏறி ஏறிப் போகுமே, அந்தக் காதைத் திறந்து வையுங்கள். முதலில் கிக் என்கிற கனத்த டிரம் அடியைப் பிடியுங்கள். அந்த ‘தும்’ ஒலிக்குப் பாதி டெக்னோவில் வேர், ரோலண்ட் நிறுவனம் 1983-இல் விட்ட டிஆர்-909 என்கிற டிரம் இயந்திரம். விற்காமல் நின்றுபோய், பழைய சாமானாக மலிவு விலையில் சிகாகோ, டெட்ராய்ட் பையன்கள் கைக்கு வந்தது.

கிக்கை 32 வரை எண்ணுங்கள். 130 வேகத்தில் அது சுமார் 15 விநாடி. அந்த எல்லையில் ஏதோ ஒன்று வரும் அல்லது போகும்: ஒரு கைத்தட்டல் ஒலி, ஒரு ஹை-ஹாட் (ஜால்ரா மாதிரி ‘ச்’ ஒலி), மூடியிருந்த ஒரு சுரம் மெல்லத் திறப்பது. பிறகு டிஜேயின் கையைப் பாருங்கள். அடுத்த பாட்டை அடியில் ஏற்கெனவே ஓட விட்டிருப்பார். ஒரு பாட்டின் பேஸ் குமிழைக் குறைத்து, அதே நொடியில் மற்றதின் பேஸைத் திறப்பார். தரைக்குக் கீழே ஆள் மாறியது உடம்புக்குத் தெரியும். சித்தி மகன் அன்றைக்கு அந்த மாற்றத்தை முதல்முறையாகத் தானே பிடித்தபோது என் தோளைத் தட்டி ‘இப்போ!’ என்றான். அடுத்த மூன்று மணி நேரம் அவனைத் தோட்டத்துக்கு அழைக்கவே முடியவில்லை.

ஆடத் தெரியாது என்று ஓரமாக நிற்க வேண்டாம். ஜோடி தேவையில்லை, ஸ்டெப் தேவையில்லை, யாரும் பார்க்கவும் மாட்டார்கள். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டிருந்தால் போதும், மிச்சத்தை முழங்கால் பார்த்துக்கொள்ளும். ஃப்ளோர் நடுவில் நின்று கதை பேசாதீர்கள். யாரையும் பின்னாலிருந்து தொடாதீர்கள். ஒரு பெண் உங்களைப் பார்த்துச் சிரித்தால் அது சிரிப்பு மட்டும்தான்.

டிரெசோரைப் பற்றி ஒரு வார்த்தை. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தபோது கிழக்கே யாருடையது என்றே தெரியாத காலிக் கட்டடங்கள் நிறைய இருந்தன. டிமிட்ரி ஹேகெமனும் நண்பர்களும் வெர்ட்ஹைம் என்ற பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தைக் கண்டுபிடித்து 1991-இல் கிளப்பாக்கினார்கள். டெட்ராய்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்கிற டெக்னோ குழு ஆட்கள் அங்கே வந்து வாசித்தார்கள், அவர்கள் இசைத்தட்டை டிரெசோரே வெளியிட்டது. 2005-இல் அந்த இடம் போனது. 2007 முதல் கேபெனிக்கர் தெருவில் ஒரு பழைய மின்நிலையத்தில் இயங்குகிறது. அந்தக் கான்கிரீட்டுக்குள் நிற்கும்போது, பழுப்பு நிறத் தோலோடு வந்திருக்கும் நீங்கள் அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருக்கவில்லை. இந்த இசையில் உங்களுக்கும் பாத்தியதை உண்டு.

உடம்பும் பக்கத்து ஆளும்

தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், குழாய்த் தண்ணீரே நல்ல தண்ணீர். உங்கள் கோப்பையைக் கண்ணிலிருந்து விடாதீர்கள். உள்ளே போதைப்பொருள் புழங்குவது உண்மை. யார் நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், இங்கே யாரும் வற்புறுத்த மாட்டார்கள். முக்கியமாக, ஜிஎச்பி என்கிற திரவம் மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்திவிடும்.

யாராவது சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தால் குனிந்து கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பார் ஆளையோ அவேர்னஸ் குழுவையோ கூப்பிடுங்கள். அந்தக் குழு இதற்காகவே சுற்றி வரும். யாராவது தொந்தரவு செய்தாலும் அவர்களிடமே சொல்லலாம், உங்களை நம்பித்தான் விசாரிப்பார்கள். ஆம்புலன்ஸ் எண் 112. என்ன எடுத்தார்கள் என்பதை மருத்துவக் குழுவிடம் மறைக்காதீர்கள், ரகசியம் காக்க வேண்டியது அவர்கள் கடமை.

வீட்டில் கேட்டால்

கிளப் என்றாலே நம் வீடுகளில் ஒரே அர்த்தம்தான். அம்மாவிடம் பொய் சொல்லத் தேவையில்லை. 2016-இல் ஒரு ஜெர்மன் நீதிமன்றம் பெர்க்ஹைனின் இசை இரவுகளைக் கச்சேரிகளாகவே கருதி, 19 சதவீத வரிக்குப் பதில் 7 சதவீதம் போதும் என்றது. 2021-இல் நாடாளுமன்றம் கிளப்களைக் கலாச்சார இடங்களாகக் கருத வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2024-இல் பெர்லின் டெக்னோவை யுனெஸ்கோ மரபுக்கான ஜெர்மனியின் தேசியப் பட்டியலில் சேர்த்தார்கள். இவ்வளவு மரியாதை கிடைத்தும் வாடகையும் செலவும் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. 2002 முதல் ஷ்ப்ரே ஆற்றங்கரையில் இருந்த வாட்டர்கேட் 2024 கடைசியில் மூடப்பட்டது. நுழைவுக் காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள், பாரில் வேலை செய்பவருக்கு ஒரு யூரோ சேர்த்து வையுங்கள்.

மாலை 6, 7 மணிக்குக் கிளம்பினால் வீடு போய்ச் சூடாகச் சாப்பிட்டு, திங்கட்கிழமை வகுப்புக்கு நேரத்துக்குப் போகலாம். ராத்திரி படுக்கும்போது காதில் லேசாக இரைச்சல் இருந்தால் அன்றைக்கும் மறுநாளும் ஹெட்போன் போடாதீர்கள். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். செவ்வாய் காலையும் இரைந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரை அழைத்து, எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் ஃப்ளோரில் இருந்தீர்கள், அடைப்பான் போட்டிருந்தீர்களா என்பதைச் சொல்லி அன்றைக்கே நேரம் கேளுங்கள்.