கோடு போடுவதற்கு முன்னால்: ஆய்வாளர்களையும் ஆட்டக்காரர்களையும் நெட்வொர்க்காகப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் போதும், ஒரு துறையில் யார் யாரோடு சேர்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்றோ, ஒரு அணியில் யார் யாருக்குப் பந்து கொடுக்கிறார்கள் என்றோ அரை நாளில் படம் வரைந்துவிடலாம். ஆட்கள் புள்ளிகள், உறவுகள் கோடுகள். கெஃபி என்ற நெட்வொர்க் வரையும் மென்பொருளில் ஏற்றினால் கலர் கலராக வந்து நிற்கும். தொல்லையே அங்கேதான். தரவு சரியாக இருந்தாலும் படம் வரும், குப்பையாக இருந்தாலும் அதே அழகோடு வரும், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகளுக்கு மூலம் ஒன்றுதான்: இரண்டு பேருக்கு நடுவே போடும் அந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று முடிவு செய்யாமலேயே கோடுகளை எண்ணத் தொடங்கிவிடுவது.

கோட்டுக்குப் போவதற்கு முன்னால் புள்ளியே தப்பாக இருக்கலாம். கட்டுரை ஆசிரியர்களை எடுத்தால் முதல் ஆபத்து பெயர்தான், அதிலும் நம் பெயர்கள். இயற்பியலில் ‘எஸ். சந்திரசேகர்’ என்று தேடினால் இரண்டு பெரிய மனிதர்கள் வருவார்கள். ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன்களைப் பற்றிய ஆய்வுக்காக 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். இன்னொருவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிகங்களை ஆராய்ந்தவர். முதலாமவர் சி.வி. ராமனின் அண்ணன் மகன், இரண்டாமவர் அவருடைய சகோதரி மகன், இருவருமே லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். நிரலுக்கு இதெல்லாம் தெரியாது. இருவரையும் ஒரே புள்ளியாக்கிவிடும், அப்புறம் அந்தப் புள்ளி வானியற்பியலையும் திரவப் படிகத்தையும் இணைக்கும் மாபெரும் பாலமாகத் தெரியும், நீங்களும் ‘துறைகளை இணைக்கும் ஆளுமை’ என்று ஒரு பத்தி எழுதிவிடுவீர்கள். ஒரு நெட்வொர்க்கில் யாராவது திடீரென்று பாலமாகத் தெரிந்தால், அவர் நிஜமாகவே ஒரே ஆள்தானா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். ஒரே ஆள் ஒரு இதழில் அப்பா பெயரை விரித்து எழுதுவார், இன்னொன்றில் இனிஷியல் மட்டும் போடுவார், வெளிநாட்டு இதழ் ஒன்று அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு முன்பின் மாற்றிவிடும். ஒருவர் மூன்று புள்ளிகளாகிவிடுவார். இயற்பியலாளர் மார்க் நியூமன் 2001-இல் ஆய்வாளர் கூட்டுறவு நெட்வொர்க்குகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரைகளில் இதை மறைக்காமல் இரண்டு விதமாகவும் எண்ணிக் காட்டினார். 1995 முதல் 1999 வரையிலான மெட்லைன் (மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் தரவுத்தளம்) தரவில் எல்லா இனிஷியல்களையும் வைத்து எண்ணினால் சுமார் 15 லட்சம் ஆசிரியர்கள், முதல் இனிஷியலை மட்டும் வைத்து எண்ணினால் சுமார் 11 லட்சம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். நீங்களும் அப்படியே செய்யுங்கள், இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள், இரண்டிலும் நிற்கிற முடிவை மட்டும் நம்புங்கள். ஆர்க்கிட் எண், அதாவது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண், இருந்தால் நல்லது, ஆனால் அது 2012-இல்தான் வந்தது, பழைய கட்டுரைகள் பெரும்பாலானவற்றுக்கு உதவாது.

தமிழிலேயே பெயர்ப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. ‘கோபால்’ என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு அவர்கள் இரண்டு கோபால்கள். பட்டியலை ஏற்றுவதற்கு முன் என்எஃப்சி நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது) ஒரு தடவை ஓட்டுங்கள், ஒரே வரி நிரல்தான். ஆனால் ‘ஸ்ரீ’ அதில் சரியாகாது, அதை வேறு வேறு எழுத்தில் தொடங்கி எழுதுகிற வழக்கம் இருப்பதால் நீங்களே தேடி மாற்ற வேண்டும்.

சரி, இப்போது கோடு. கூட்டுக் கட்டுரை என்றால் பட்டியலில் உள்ள எல்லாரையும் எல்லாரோடும் இணைப்பதுதான் வழக்கம். மூன்று பேர் எழுதியிருந்தால் மூன்று கோடு, பாதகமில்லை. ஆனால் ஹிக்ஸ் போசான் என்ற துகளின் நிறையை அளந்து, செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் 2015-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். கட்டுரை 33 பக்கம், அதில் 24 பக்கம் ஆசிரியர்கள், அவர்களுடைய நிறுவனங்கள் பட்டியல் மட்டுமே. இந்த ஒரே ஒரு கட்டுரையை உங்கள் தரவில் சேர்த்தால் 1 கோடியே 32 லட்சத்துக்கு மேல் கோடுகள் விழும். அதில் பெரும்பாலானோர் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். அப்படியிருக்க, அதே படத்தில் பத்து வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதிய இருவருக்கும் ஒரு கோடு, இவர்களுக்கும் ஒரு கோடு என்றால் எப்படி?

நியூமன் சொன்ன வழி எளிமையானது: n பேர் எழுதிய கட்டுரை ஒவ்வொரு ஜோடிக்கும் 1/(n-1) எடை மட்டும் தரும். இருவர் எழுதினால் முழு எடை 1, ஹிக்ஸ் கட்டுரையில் ஒரு ஜோடிக்கு 5,153-இல் ஒரு பங்கு. ஒரு கட்டுரையால் ஒருவருக்குக் கிடைக்கும் மொத்த எடை எப்போதும் 1-தான். பேராசிரியரின் பெயர் மரியாதைக்காகச் சேர்ந்திருக்கும் கட்டுரைகளை இது சரிசெய்யாது, அதைச் சரிசெய்ய எந்தச் சூத்திரமும் கிடையாது.

இதோடு ஒட்டி வருவது முக்கோண மயக்கம். ‘என் நண்பரின் நண்பர் எனக்கும் நண்பரா’ என்று அளக்கும் கிளஸ்டரிங் எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு, இந்தத் துறையினர் மிக நெருக்கமானவர்கள் என்று எழுதுகிறார்கள். மூன்று பேர் எழுதிய ஒரு கட்டுரையே ஒரு முக்கோணம் ஆயிற்றே, பின்னே எண் உயராமல் என்ன செய்யும்? நியூமனின் கணக்கில் மெட்லைனுக்கு அந்த எண் 0.066, துகள் இயற்பியல் தரவான ஸ்பைர்ஸுக்கு 0.726. கட்டுரைக்குச் சராசரி ஆசிரியர்கள் முன்னதில் நான்குக்கும் கீழே, பின்னதில் ஏறக்குறைய ஒன்பது. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு நட்பு, எவ்வளவு பட்டியலின் நீளம் என்று பிரித்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. பிரிக்க வழி உண்டு. யார் எத்தனை கட்டுரை, எந்தக் கட்டுரையில் எத்தனை பேர் என்பதை அப்படியே வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் கலைத்துப்போட்டு, அந்தப் போலி நெட்வொர்க்குகளில் அதே எண் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். அதைவிட உங்கள் எண் உயரமாக இருந்தால்தான் பேச்சு. அதற்காகவே ‘கட்டுரை–ஆசிரியர்’ மூலப் பட்டியலைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

கிரிக்கெட்டுக்கு வந்தால் இதே நோய்க்கு வேறு முகம். பேட்டிங் பார்ட்னர்ஷிப்களைக் கோடுகளாகப் போட்டு, அணியின் மையம் யார் என்று கண்டுபிடிப்பது பலருக்குப் பிடித்த வேலை. 2006-இல் கொழும்பில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக சங்கக்காரவும் ஜயவர்தனவும் சேர்த்த 624 ஓட்டங்கள் அந்தப் படத்தில் தடித்த கயிறு மாதிரி தெரியும், ரசிகர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் யார் யாரோடு சேர்ந்து ஆடுகிறார் என்பதை நட்பு தீர்மானிப்பதில்லை, புரிதலும் தீர்மானிப்பதில்லை, பேட்டிங் வரிசை தீர்மானிக்கிறது. தொடக்க ஆட்டக்காரருக்கு எதிர்முனையில் முதலில் நிற்பவர் எப்போதும் இன்னொரு தொடக்க ஆட்டக்காரர், பதினோராவது ஆளுக்கு யார் மிஞ்சியிருக்கிறாரோ அவர். இதை விட்டுவிட்டு மையத்தன்மை கணக்கிட்டால் முத்தையா முரளிதரன் படத்தின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருப்பார். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர்! அதே இலங்கை அணிக்குப் பந்துவீச்சாளர்–கேட்ச் பிடித்தவர் என்று கோடு போட்டுப் பாருங்கள், முரளியிலிருந்து ஜயவர்தனவுக்குப் போகும் கோடு மட்டும் டெஸ்டில் 77 தடவை. ஆட்கள் அதே ஆட்கள்தான், கோடு மாறியதும் மையம் மாறிவிட்டது. ‘அணியின் மையம்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது, எந்த உறவில் மையம் என்று சொல்லியாக வேண்டும்.

கோட்டின் எடையிலும் கவனம் வேண்டும். சச்சினும் கங்குலியும் ஒருநாள் ஆட்டங்களில் 176 இன்னிங்ஸில் சேர்ந்து 8,227 ஓட்டங்கள் எடுத்தார்கள். மொத்தத்தை எடையாகப் போட்டால் நீங்கள் அளப்பதில் பாதி, எத்தனை காலம் சேர்ந்து ஆடினார்கள் என்பதைத்தான். சராசரியைப் போட்டால் ஒரே ஒரு தடவை சேர்ந்து 150 அடித்த ஜோடி முதலிடத்துக்கு வந்துவிடும். குறைந்தபட்ச இன்னிங்ஸ் எண்ணிக்கை ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள், முடிவைப் பார்த்துவிட்டு வைக்காதீர்கள். பார்ட்னர்ஷிப் கணக்கில் உதிரி ஓட்டங்களும் சேர்ந்தே வரும், ஒருவர் 90 அடிக்க மற்றவர் கட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாலும் கோடு ஒன்றுதான்.

எடை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் விழாதவர்கள் குறைவு. பைத்தானின் நெட்வொர்க்எக்ஸ் தொகுப்பில் பிட்வீன்னஸ் (மற்றவர்களுக்கு நடுவே உள்ள குறுகிய பாதைகளில் ஒருவர் எவ்வளவு வருகிறார் என்ற அளவு) கணக்கிடும்போது கோட்டின் எடையை வெயிட் என்று கொடுத்தால், அது அந்த எண்ணைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். ஐகிராஃப் என்ற இன்னொரு தொகுப்பும் அப்படித்தான், அதிலும் அதன் ஆர் மொழிப் பதிப்பில் கோடுகளுக்கு வெயிட் என்ற பெயரில் ஒரு பத்தி இருந்தால் நீங்கள் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும். நீங்கள் கொடுத்ததோ நெருக்கம். 40 கட்டுரை சேர்ந்து எழுதிய இருவருக்கு நடுவே 40 தூரம், ஒரே ஒரு கட்டுரை எழுதியவர்களுக்கு நடுவே 1 தூரம். உறவு முழுக்கத் தலைகீழ்! பிழைச் செய்தி எதுவும் வராது, பட்டியல் ஒன்று ஒழுங்காக வரும், அதில் யாரும் எதிர்பார்க்காத பெயர்கள் மேலே இருக்கும், அதையே ‘வியப்பூட்டும் முடிவு’ என்று எழுதியவர்களும் உண்டு. எடையைத் தலைகீழாக்கி, அதாவது 1-ஐ எடையால் வகுத்து, தூரமாக்கிக் கொடுங்கள். பேஜ்ரேங்குக்கு (முக்கியமானவர்களிடமிருந்து கோடு வந்தால் கூடுதல் மதிப்புத் தரும் அளவு) இது வேண்டாம், அங்கே எடை எடையாகவே போகும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஆவணத்தைத் திறந்து ஒரு வரி படித்துவிடுவது நல்லது.

காலத்தை மறப்பது அடுத்தது. ஃபிலிப்போ ராடிக்கி 2011-இல் டென்னிஸ் ஆண்கள் ஆட்டங்களை, 1968 முதல் 2010 வரை, நெட்வொர்க்காக்கி, தோற்றவரிடமிருந்து வென்றவருக்குக் கோடு போட்டு, பேஜ்ரேங்க் வகைக் கணக்கு ஒன்றைச் செய்தார். முதலிடம் ஜிம்மி கானர்ஸுக்கு. ஃபெடரர் ரசிகர்கள் கொதிப்பதற்கு முன் தரவைப் பார்க்க வேண்டும்: நீண்ட காலம் ஆடி, நிறைய ஜெயித்து, ஓய்வும் பெற்றுவிட்ட ஒருவர், 2010-இல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தவர்களோடு ஒரே தட்டில் நிற்கிறார். எண் தப்பில்லை, ‘எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர்’ என்று அதற்குப் பெயர் வைத்தால் சிக்கல். ஆசிரியர் நெட்வொர்க்கிலும் இது உண்டு. முதலாமவர் இரண்டாமவரோடு எழுதியது 1960-இல், இரண்டாமவர் மூன்றாமவரோடு எழுதியது 1995-இல் என்றால் மூன்றாமவரின் யோசனை முதலாமவரின் கட்டுரைக்குள் போயிருக்க வழியில்லை, படத்தில் மட்டும் பாதை ஜம்மென்று திறந்திருக்கும். எர்டிஷ் எண் மாதிரி விளையாட்டுக்கு அது போதும்: கணிதவியலாளர் பால் எர்டிஷோடு சேர்ந்து எழுதியவருக்கு 1, அந்த ஆளோடு எழுதியவருக்கு 2 என்று போகும் எண் அது. எர்டிஷ் 1996-இல் இறந்த பிறகும் அவர் பெயரோடு கட்டுரைகள் வந்தன, புதிதாக ‘1’ கிடைத்தவர்களும் இருக்கிறார்கள்.

கால்பந்தில் பாஸ் நெட்வொர்க். பதினோரு பேர், திசையோடு எண்ணினால் அதிகபட்சம் 110 கோடுகள், முழு ஆட்டத்தில் அதில் பெரும்பாலானவை நிரம்பிவிடும், ஆகவே ‘எத்தனை பேரோடு தொடர்பு’ என்ற எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை. 70-ஆவது நிமிடம் வந்த மாற்று ஆட்டக்காரரை நிமிடக் கணக்கில் சரிசெய்யாமல் ஒப்பிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், அடர்த்தியான படம் நல்ல ஆட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கு மேல் பாஸ் போட்டது, பார்க்க அற்புதமான வலை கிடைக்கும், ஆட்டம் 1-1, பெனால்டியில் 4-3 என்று ரஷ்யா வென்றது. எதிரணி பின்னால் உட்கார்ந்துகொண்டு ‘போடு, நீயே போட்டுக்கொண்டிரு’ என்று விட்டுவிட்டாலும் கோடுகள் தடிக்கும். பாஸ் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, அது ஷாட்டில் போய் நின்றதா என்பதைக் கோட்டோடு சேர்க்காவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது.

மீதி சின்னச் சின்னது. கெஃபி படத்தில் இரண்டு பேர் பக்கத்தில் இருப்பதற்கு அர்த்தம் தேடாதீர்கள், மறுபடி ஓட்டினால் இடம் மாறும். நெட்வொர்க்கைத் தானாகக் குழுக்களாகப் பிரிக்கும் லூவான் முறையில் குழு பிரித்தால் ஒரே தடவை ஓட்டிவிட்டுக் குழுக்களுக்குப் பெயர் சூட்டாதீர்கள். பல தடவை ஓட்டி, எல்லாவற்றிலும் சேர்ந்தே வருகிறவர்களை மட்டும் குழு என்று சொல்லுங்கள், ஏனென்றால் எந்த உறவும் இல்லாமல் தற்செயலாக உருவாக்கிய நெட்வொர்க்கிலும் அந்த முறை அழகாகக் குழுக்களைக் காட்டும். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் மட்டும் தேடிவிட்டு ‘இவர் தனித்து இயங்குகிறார்’ என்று முடிவு கட்டாதீர்கள், அவர் எழுதியதெல்லாம் அங்கே இல்லாத தமிழ் இதழ்களில் இருக்கலாம். சாதாரண ரிக்ரஷனில் (ஒன்றைக் கொண்டு இன்னொன்றைக் கணிக்கும் புள்ளியியல் முறை) ஜோடிகளைத் தனித்தனி வரிகளாகப் போட்டு பி-மதிப்பு (முடிவு தற்செயலா என்று சோதிக்க உதவும் எண்) எடுக்காதீர்கள், ஒரே ஆள் பல வரிகளில் வருவதால் அவை ஒன்றுக்கொன்று சார்ந்தவை, இதற்கென்றே க்யூஏபி, இஆர்ஜிஎம் என்று முறைகள் இருக்கின்றன, ஆர் மொழியில் இரண்டுக்கும் பேக்கேஜ் கிடைக்கும்.