வைக்கோலைக் கடலென்று படிக்காதீர்கள்

சந்தையில் கத்தரிக்காய் குவிந்து கிடந்தால் பொறுக்கி எடுப்போம். கூடையில் பத்துக் காய்தான் என்றால் சொத்தையையும் சேர்த்து வாங்குவோம். கடலில் மிதக்கும் நுண்பாசியும் அப்படித்தான். நீரில் கார்பன் டை ஆக்சைடு தாராளமாகக் கரைந்திருந்தால் லேசான கார்பன்-12-ஐத் தேர்ந்தெடுக்கும். தட்டுப்பாடானால் கனமான 13-ஐயும் விடாது. குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும். அதனால் தென்முனைக் கடலின் பிளாங்க்டன், அதாவது மிதக்கும் நுண்ணுயிர், மைனஸ் 28 பக்கம் நிற்கும், வெப்பக்கடலில் மைனஸ் 20 பக்கம். 12-க்கு 13 என்ற விகிதம் ஒரு பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்பதுதான் இந்த எண்; கீழே போகப் போக கார்பன் லேசு. இந்தத் தொடர்பை 1989-இல் ராவ், தகாஹாஷி, டெமாரே மூவரும் எடுத்துக்காட்டினார்கள்.

பாசியின் எண்ணைப் பார்த்து நீரிலுள்ள வாயுவின் அளவை ஊகிக்கும் இந்த வழியை அப்படியே கொள்ளிட முகத்துவாரத்துக்குக் கொண்டுவருவதுதான் நம் பக்கம் நடக்கும் பெரிய தவறு. ஐப்பசி வெள்ளத்தில் மொண்ட தண்ணீரை வடிகட்டினால் பாசி மட்டுமா தங்கும்? வைக்கோல் துணுக்கு, வரப்பு மண், முத்துப்பேட்டைப் பக்கமென்றால் அலையாத்தி இலைத்தூள். நெல்லின் மதிப்பும் ஏறக்குறைய மைனஸ் 27, 28தான்! தஞ்சாவூர் வைக்கோல் தென்முனைக் கடலாக வேடம் கட்டி வந்து நிற்கும். நானும் ஒருமுறை ஏமாந்து, வரைபடமே போட்டுவிட்டேன். நுண்ணோக்கியில் ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். கார்பன்–நைட்ரஜன் விகிதமும் காட்டிக்கொடுக்கும்: பாசியில் அது 7-ஐ ஒட்டி இருக்கும், வைக்கோலில் பல மடங்கு.

வைக்கோலே இல்லாவிட்டாலும் சிக்கல் தீராது. மண்ணில் மட்கியதிலிருந்து பிறந்த லேசான கார்பனை ஆறு கரைத்துக் கொண்டுவருகிறது. அதைத் தின்ற பாசியும் லேசாகும், வாயுவின் அளவு மாறாமலே. ஆகவே அதே நீரில் கரைந்திருக்கும் கார்பனின் ஐசோடோப்பையும் (12, 13 விகிதத்தையும்) அளக்காமல், பாசியின் எண்ணை மட்டும் வைத்துப் பேசக் கூடாது.

கரைந்த கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடு என்று எண்ணுவோரும் உண்டு. கடலில் அது நூற்றில் ஒன்றுகூடத் தேறாது, பெரும்பங்கு பைகார்பனேட். சில டயட்டம்கள் (கண்ணாடி போன்ற ஓடுள்ள நுண்பாசிகள்) அதையும் உறிஞ்சும், அதுவோ கனமானது. வளரும் வேகம், செல்லின் பருமன் என்று எண்ணை மாற்றுபவை இன்னும் உண்டு.

வடிகட்டியில் தங்கிய சிப்பித்தூளை அமிலப் புகையில் நீக்க மறந்தால் எண் பூஜ்யத்தை நோக்கி ஏறிவிடும். அப்புறம் மைனஸ் குறி: 28 பெரிது, 20 சிறிது என்று படித்துவிட்டு முடிவைத் தலைகீழாக எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.